கழுதையும் டமாலும்

மார்ச் 3

டமால்,

மூன்று நாள் லீவு என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. இன்றைக்கு இரண்டாவது வாரம். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றால் சரி, நானும் மனுஷன்தானே, புரிந்துகொள்வேன். ஆனால் ஒரு வரி எழுத என்ன கேடு? உன் ஒலி அறையைத் திறந்தால் தகரத் தட்டுகளும் கிழிந்த தலையணைகளும் என்னையே பார்க்கின்றன.

அடி வாங்காதவன் அடி வரையக்கூடாது என்பது நம் கார்ட்டூன் ஸ்டுடியோவின் சட்டம். வாத்து கழுதைக்குக் கொடுத்த ஒவ்வொரு அடியையும், நான் தாளில் போடுவதற்கு முன்னால் உன் கையால் வாங்கியிருக்கிறேன். ஈரத் துண்டு, பலகை, ஒரு தடவை முழுப் பூசணிக்காய். இப்போது உன் இடத்தில் கணக்கர் அடிக்கிறார். சம்பளம் கூட்டிக் கேட்டவர்களை நினைத்துக்கொண்டு அடிப்பதாக அவரே வாய்விட்டுச் சொன்னார். அடித்துவிட்டு, "வலிச்சுதா தம்பி?" என்று வேறு கேட்கிறார். நீ ஒரு நாளும் கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

புதுப் படத்தின் கதை இது. வாத்து மாடி வீட்டுக்குக் குடிபோகிறது. கழுதை பூங்கொத்தோடு படியேறுகிறது. வாத்து தோசைக்கல்லால் ஒன்று போடுகிறது. கழுதை மேலேயிருந்து கீழே வரை உருள்கிறது. வழக்கம்போலத்தான். ஆனால் முடிவை முதலாளி மாற்றச் சொல்கிறார். "இத்தனை படமா உதை வாங்கியாச்சு, பாவம், இந்தத் தடவை அதுங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்கப்பா" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று கேட்காதே.

உன் அக்கா வீட்டில் மரப்படி என்று சொல்லியிருக்கிறாய் அல்லவா? ஒரு மூட்டையை மேலேயிருந்து உருட்டிவிட்டு, அந்தச் சத்தத்தை உன் டேப்பில் பிடித்து அனுப்பு. படம் அதற்காகத்தான் காத்திருக்கிறது. நானும்தான்.

— கழுதை

மார்ச் 9

கழுதை,

இந்த வீட்டு விலாசத்துக்கு இனிமேல் எழுதாதே. உன் கடிதத்தை அத்தான் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். "யாரும்மா இந்தக் கழுதை? நல்லா எழுதறானே" என்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் படம் ஒன்று விடாமல் அவருக்கு மனப்பாடம். எதிர்க்கடை டெய்லரம்மா பெயருக்குப் போடு. அவள் துணியோடு துணியாக மடித்துக் கொடுத்துவிடுவாள்.

வீட்டைச் சொல்கிறேன், உனக்கு வரைய உதவும். கீழே அத்தானின் டயர் கடை. மேலே வீடு. தெருப் பக்கமாகச் சுவரை ஒட்டி மரப்படி, குறுகலாக, ஒரு பக்கம்தான் கைப்பிடி. அடிப்படிக்கு நேர் எதிரே பழைய டயர்களை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். அத்தான் மதியம் சாப்பிட மேலே வருவார். அப்புறம் சாயங்காலம்தான்.

மூட்டை உருட்டச் சொன்னாய். தேவையில்லை. அக்கா ஏற்கெனவே உருண்டாயிற்று. அதற்குத்தான் நான் வந்ததே.

"படியில விழுந்துட்டேன்" என்கிறாள். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். டெய்லரம்மாவிடமும் அதுதான். என்னிடமும், கூடப் பிறந்தவளிடமும், முகத்தைப் பார்க்காமல் அதையேதான் சொல்கிறாள். எத்தனை வருஷமாக நீயும் நானும் ஆட்களைப் படியில் விழவைத்துப் பிழைக்கிறோம். நெற்றியில் படும், முட்டியில் படும், முழங்கை தேயும். மேல்கையின் உட்பக்கத்தில் நாலு விரல் பதியுமா? இவளுக்குப் பதிந்திருக்கிறது.

ஐந்து மாதம் வயிற்றில். போன தடவை தங்காமல் போனதும் இதே படியில்தான். அப்போது நான் ஃபோனில் அவளையே திட்டினேன், பார்த்து இறங்கத் தெரியாதா என்று. அத்தான் சமாதானப்படுத்தினார், "விடும்மா, அவ பாவம்" என்று.

இந்தக் குழந்தை பிறக்க வேண்டுமென்றால் இவள் இந்த வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். வரமாட்டேன் என்கிறாள். அவளை விட்டுவிட்டு நானும் வரமாட்டேன். சத்தத்துக்குக் கணக்கரையே உருட்டிவிட்டுக்கொள்ளுங்கள்.

— டமால்

மார்ச் 13

டமால்,

கடிதத்தைப் படித்துவிட்டு நேராகக் கழிவறைக்குப் போய் நின்றேன். கணக்கர் வந்து கதவைத் தட்டினார். பேதி என்று சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் என்ன சொல்ல முடியும்?

எனக்கு வருகிற கோபத்துக்கு அந்த ஆளின் கையை முறித்து அவர் கையிலேயே கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் எனக்கு அடிக்கத் தெரியாது என்பது உனக்கே தெரியும். வாங்கத் தெரியும், வரையத் தெரியும். ராத்திரி உட்கார்ந்து உன் அத்தானை வரைந்தேன். இதோடு வைத்திருக்கிறேன், பார். முகம் தெரியாததால் மீசையை மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

நீ சொன்ன படியை அப்படியே போட்டிருக்கிறேன். மேல் மூன்று படிகளில் துணி சோப்பு. குளியல் சோப்பு வேண்டாம், அதில் பிடிப்பு உண்டு. காய்ந்த சோப்பு வழுக்காது, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்க்க வேண்டும். கைப்பிடியிலும் ஒரு கை தடவிவிட வேண்டும், இல்லையென்றால் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவான். மதியம் வாயெல்லாம் பல்லாக ஏறி வருகிறான். கால் வழுக்குகிறது. அந்தரத்தில் ஒரு நிமிஷம் நின்று நம்மைப் பார்க்கிறான். அப்புறம் தடதடதடவென்று உருண்டு, டயர் அடுக்குக்குள் தலைகீழாகச் செருகி, டயரோடு டயராகத் தெருக்கோடி வரை ஓடுகிறான். கடைசியில் ஒரு நாய் அவன் மேல் காலைத் தூக்குகிறது.

சும்மாதான். நீ சிரிப்பாயே என்றுதான்.

நான் கிளம்பி வரட்டுமா? வந்து என்ன செய்வேன் என்று தெரியாது. ஆனாலும் வருகிறேன்.

— கழுதை

மார்ச் 19

கழுதை,

நீ வராதே. வந்தால் "யாரு இவன்?" என்பதில் ஆரம்பித்து அக்காவுக்குத்தான் விழும். இதைப் பத்து தடவை படி.

ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

இங்கே தினமும் சாயங்காலம் டிவியில் நம் பழைய படங்களைப் போடுகிறார்கள். அந்த நேரத்தில் அத்தான் கடையை ஆளிடம் விட்டுவிட்டு மேலே வருவார். வந்ததும் என்னை ஏதாவது வாங்க அனுப்புவார். பாசமாகத்தான் அனுப்புவார், "போய்ட்டு மெதுவா வாம்மா" என்று. நேற்று நான் போன கடை பூட்டியிருந்ததால் பாதியில் திரும்பினேன். டெய்லரம்மா வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "உங்க வீட்ல எப்பவும் கார்ட்டூன்தான், என்ன சத்தம், என்ன சிரிப்பு. குடுத்து வச்ச குடும்பம்" என்றாள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி டிவி அலறிக்கொண்டிருந்தது.

படியேறினேன். கதவு உள்ளே தாழ்ப்பாள். தகரத் தட்டு விழுந்தது, அது நான். பாத்திரக் கடை சரிந்தது, அதுவும் நான். கழுதை கத்தியது, அதுகூட நான் தொண்டை கிழியக் கத்தியதுதான். இடையிடையே ஒரு சத்தம், அது மட்டும் நான் இல்லை. என் சத்தங்களை எனக்குத் தெரியாதா?

கதவை உடைக்கிற மாதிரி தட்டினேன். அத்தான் திறந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "வா வா, உன் படம்தான் ஓடுது" என்றார். அக்கா தரையில் உட்கார்ந்து வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். முகத்தை மூடவில்லை. கன்னத்தைக் கொடுத்துவிட்டு வயிற்றைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? டிவியை அணைத்தேன். அது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. உடம்பெல்லாம் எரிகிறது கழுதை. என் சத்தத்தை வைத்துக்கொண்டுதான் என் அக்காவை அடிக்கிறான். இனி அவருக்கு மரியாதைக்கான 'ர்' கிடையாது.

கன்னத்தில் விழுகிற நிஜ அறைக்குச் சத்தமே பெரிதாக இல்லை. ஈரத் துணியை மடித்து வைத்த மாதிரி இருக்கிறது. ஸ்டுடியோவில் நான் இதைக் கொடுத்தால் நீங்களே தள்ளிவிடுவீர்கள், வேறு கொண்டு வா என்பீர்கள்.

உன் கழுதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாத்து எத்தனை படமாக வேண்டாம் வேண்டாம் என்கிறது. கழுதை ஜன்னல் வழியாக வருகிறது, கூரையைப் பிரித்துக்கொண்டு வருகிறது, எப்போதும் பூவோடு வருகிறது. அத்தானும் அடித்த மறுநாள் பூவோடுதான் வருகிறான். கல்யாணத்தில் முடித்தீர்களென்றால் அந்தப் படத்துக்கு நான் சத்தம் கொடுக்கமாட்டேன். முதலாளியிடம் சொல்லிவிடு.

நீ வரைந்ததை அக்கா பார்த்தாள். நான் வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "எந்த சோப்புன்னு கூட எழுதியிருக்காரே" என்றாள். திருப்பிக் கேட்டால் கொடுக்கமாட்டேன் என்கிறாள். வைத்துக்கொள்ளட்டும், அவளுக்கு இருக்கிற ஒரே சிரிப்பு அதுதான்.

உபகாரம் செய்ய வேண்டுமென்றால் ஒன்று செய். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு அறை பார். மாடி வேண்டாம்.

— டமால்

மார்ச் 24

டமால்,

அறை பார்த்தாகிவிட்டது. கீழ்த்தளம். ஸ்டுடியோவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வீட்டுக்காரம்மாள் ஆயிரம் கேள்வி கேட்டாள். அக்கா, தங்கை, பிறக்கப் போகிற குழந்தை என்று சொன்னேன். "நீங்க யாரு?" என்றாள். முன்பணத்தை எண்ணி அவள் கையில் வைத்தேன்.

கல்யாணக் காட்சிக்கு வரைந்ததையெல்லாம் கிழித்துவிட்டேன். முதலாளி தாம் தூம் என்று குதித்தார். குதிக்கட்டும்.

ஆனால் நீ எழுதியது எனக்கு வலித்தது. கழுதை யார் என்று உனக்குத் தெரியாதா? ஊரெல்லாம் என்னை அப்படித்தானே கூப்பிடுகிறது. இத்தனை படமாகப் பூவைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் அலைந்தது நான்தானே. உன்னை நேரில் கேட்கத் தைரியம் இல்லாமல் வாத்திடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அது உன் அத்தான் செய்கிற மாதிரி இருக்கிறது என்றால் எனக்கு என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

அதனால் இப்போது கேட்கிறேன். நான் வேண்டாமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. ஒரு தடவை எழுதினால் போதும். ஆயுசுக்கும் கேட்கமாட்டேன். அறை அப்போதும் உனக்கும் அக்காவுக்கும்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

— கழுதை

ஏப்ரல் 1

டமால்,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. டெய்லரம்மா கடைக்கு ஃபோன் போட்டேன். "ரெண்டு நாளா அந்தப் பொண்ணைக் கண்ணால பாக்கல. மேல கார்ட்டூன் மட்டும் மதியமும் ஓடுது" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

வராதே என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. பத்து தடவை படிக்கச் சொன்னாய், படித்தேன். நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதமும் கிளம்புகிறது, நானும் கிளம்புகிறேன். யார் முதலில் வந்து சேருகிறோமோ தெரியாது. பூ வாங்கி வரமாட்டேன்.

— கழுதை

ஏப்ரல் 9
அரசு ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு

டமால்,

கையெழுத்தைப் பார்த்து யாரோ குழந்தை எழுதியது என்று நினைக்காதே. இடது கை. வலது மணிக்கட்டு மூன்றாக உடைந்திருக்கிறதாம். தொடையெலும்பும் போயிற்று, காலைத் தூக்கிக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தாடையைக் கம்பி போட்டு மூடிவிட்டார்கள். வேலைக்கார அம்மா குழாய் வைத்துக் கஞ்சி தருகிறாள். பென்சில் பிடிப்பதைப் பற்றி டாக்டரிடம் எழுதிக் கேட்டேன். "முதல்ல ஸ்பூன் பிடிங்க" என்றார்.

நடந்தவரை எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தேன். கடைக்குள் யாரோ குனிந்து டயர் கழற்றிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. படியேறினேன். மேல் படிகளில் கால் வைத்ததும் பிடிமானம் போயிற்று. கைப்பிடியைப் பிடித்தேன், அதுவும் வழுக்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், விழும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இது என் கோடு. நான் போட்ட சோப்பு.

நாம் கழுதையை அந்தரத்தில் நிறுத்திக் கீழே பார்க்க நேரம் கொடுப்போமே, எனக்கு யாரும் கொடுக்கவில்லை. எலும்பு முறிகிற சத்தம் உடம்புக்குள்ளேயிருந்தே காதுக்கு வந்தது. அடுக்கிலிருந்து ஒரு டயர் மட்டும் பிரிந்து தெருவில் உருண்டு போனதைப் பார்த்தேன். கடையிலிருந்து அந்த ஆள் வந்து என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே உன் அத்தான் என்று தெரிந்தது. அப்புறம் நீ வந்தாய். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னவோ திட்டினாய், எதுவும் காதில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் குனிந்து, "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்டார். உடைந்த வாயால் சொன்னேன்: படியில விழுந்துட்டேன். சோப்பு என்று வாய் தவறியும் சொல்லவில்லை. உன்மேலோ அக்காமேலோ ஒரு துரும்பு விழக்கூடாது. அதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? நீ எங்கே இருக்கிறாய்? அக்கா? குழந்தை? இங்கே யாரைக் கேட்டாலும், "பேசாதீங்க, தாடை அசையக்கூடாது" என்கிறார்கள். ஸ்டுடியோ விலாசத்துக்கு எழுதுகிறேன், உன்னிடம் சேர வேண்டும்.

— கழுதை

ஏப்ரல் 14

கழுதை,

நீ பார்த்த அறையிலிருந்து எழுதுகிறேன். அக்கா கட்டிலில் தூங்குகிறாள். குழந்தை நன்றாக இருக்கிறது, நேற்று டாக்டர் பார்த்தார். இதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

எழுதாததற்குக் காரணம், உன் கடிதங்களை அத்தான் என் பையில் பார்த்துவிட்டான். என்னையும் அக்காவையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போவான். அன்றைக்குக் காலையில் மட்டும் பூட்டவில்லை. மாடிப்படியைக் கழுவுகிறேன், ஒரே அழுக்கு என்று அக்கா கேட்டாள். திறந்துவிட்டுப் போனான். நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் உன் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்திருக்கிறாள். நீ எழுதியபடி, ஒன்று விடாமல். நீ விழுந்த சத்தம் கேட்டு ஓடிய என்னைப் பிடித்து நிறுத்தி, மேல்படிகளில் உட்கார்ந்தே இறங்கு என்று அவள்தான் சொன்னாள். உன்னைக் கொல்லலாம் போல இருந்தது. உன்னையா, அவளையா, என்னையா என்று இன்னும் புரியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தபோது அக்கா படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். எந்த இடத்தில் கால் வைக்கக்கூடாது என்று அவளுக்குத்தானே நன்றாகத் தெரியும். "நீ எதுக்கு? மேல போ" என்று அத்தான் பல்லைக் கடித்தான். தெருவே கூடி நின்றது. அத்தனை பேர் முன்னால் கையைப் பிடித்து இழுக்க அவனால் முடியவில்லை. அவள் ஏறி உன் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். கேஸ் ஆகாமல் பார்த்துக்கொள்ள அவனும் பின்னாலேயே ஆட்டோவில் வந்தான்.

உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு அவன் போலீஸ்காரரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். நீ எப்படி உருண்டாய் என்று நடித்துக் காட்டினான். "அந்தப் படி அப்படித்தான் சார். என் வீட்டுக்காரியே ரெண்டு தடவை விழுந்திருக்கா. கேட்டுப் பாருங்க" என்றான்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் குரலை நீ கேட்டதில்லை, பக்கத்தில் இருப்பவனுக்கே பாதிதான் கேட்கும். அன்றைக்கு ஹால் முழுக்கக் கேட்டது.

"அவர் விழுந்தார் சார். நான் விழல. சோப்பு தடவினது நான்தான். இவர் சாப்பிட வர்ற நேரம், இவர் விழட்டும்னு தடவினேன். அந்த மனுஷன் வந்து மாட்டிக்கிட்டார். என்னை ரெண்டு தடவையும் இவர்தான் தள்ளினார். ஒரு குழந்தை போச்சு."

அத்தான் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்தான். பார்த்துவிட்டு, போலீஸ்காரர் நிற்கிறார், நர்ஸ்கள் நிற்கிறார்கள் என்கிற நினைப்பே இல்லாமல், பழக்க தோஷத்தில் கையை ஓங்கி அவள் கன்னத்தில் ஒன்று வைத்தான். டிவி இல்லை. அந்தச் சின்னச் சத்தத்துக்கு ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். போலீஸ்காரர் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். நானும் இரண்டு கொடுத்தேன். தொழிலுக்காக இல்லை.

அப்புறம் அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "எதைம்மா முதல்ல எழுதறது?" என்று கேட்டார். "ரெண்டையும் எழுதுங்க" என்றாள் அக்கா. "யோசிச்சுச் சொல்லும்மா, சோப்பு விஷயத்துல உன் மேலயும் கேஸ் வரும்" என்றார். "வரட்டும் சார். நடந்தது அதுதானே" என்றாள்.

இப்போது நீ கவனிக்க வேண்டியது இதுதான். அத்தான் வக்கீல் வைத்துவிட்டான். விழுந்தவனே படியில் தானாக விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறான், இந்தப் பொம்பளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது, சோப்பும் பொய், தள்ளியதும் பொய் என்கிறான். நீ எங்களைக் காப்பாற்றச் சொன்ன பொய் இப்போது அவனைக் காப்பாற்றுகிறது. உன்னிடம் திரும்ப வாக்குமூலம் வாங்க வருவார்கள். அக்காவால்தான் விழுந்தேன் என்று நீ சொல்ல வேண்டும். சொல்ல மனசு வராது, தெரியும். எனக்கு எழுதவே மனசு வரவில்லை. ஆனால் அக்கா சொல்லச் சொன்னாள்: "எனக்காக யாரும் படியில விழ வேணாம்னு சொல்லு."

வராதே என்றேன், வந்தாய். அதற்கு உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. வேண்டாம் என்றால் ஒரு தடவை எழுது என்று கேட்டிருந்தாய். இத்தனை பக்கம் எழுதியும் அந்த வார்த்தையை நான் எழுதவில்லை. அதற்கு மேல் இப்போது கேட்காதே.

— டமால்

ஏப்ரல் 20

டமால்,

இன்று வந்தார்கள். நர்ஸ் அட்டையைப் பிடித்துக்கொள்ள, இடது கையால் எழுதிக் கொடுத்தேன். படியில் சோப்பு இருந்தது, தடவியது அந்த அம்மாள், அதனால்தான் விழுந்தேன் என்று எழுதினேன். முன்னால் சொன்னது பொய் என்றும் எழுதினேன். எழுதும்போது கண்ணில் தண்ணீர் வந்து, கம்பி போட்ட வாயால் அழ முடியாமல் மூச்சு முட்டிப் போயிற்று.

அதோடு நிறுத்தவில்லை. எந்தச் சோப்பு, எத்தனை படி, கைப்பிடியிலும் தடவ வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான் என்றும் எழுதினேன். போலீஸ்காரர் படித்துவிட்டு, "இதை எதுக்குப்பா எழுதற? உன் மேலயும் கேஸ் வருமே" என்றார். வரட்டும் என்று தலையாட்டினேன். நம்பவில்லை. சித்திரக்காரன் பொய் சொல்லிப் பெண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டார். வரைந்து காட்டு என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

இடது கையால் வரைந்தேன். கோடெல்லாம் நடுங்கியது. படி, சோப்பு, கைப்பிடி, அடியில் டயர். மீசைக்காரனை வரையவில்லை, விழுகிற இடத்தில் என்னைப் போட்டேன். மேல்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணையும் போட்டேன். இரண்டு போலீஸ்காரர்களும் நர்ஸும் குனிந்து பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர் அதை வாங்கி, அக்காவின் வாக்குமூலத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார்.

அக்காவிடம் சொல்லு, நான் சொல்லிவிட்டேன் என்று.

— கழுதை